சனிக்கிழமை இரவின் சிறுதடங்கள்: டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரின் ஏக்கம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் யார்?

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், பருத்தி ஆலைகளால் வளர்ந்த கன்னாபோலிஸ் என்ற ஊரில் 1974 அக்டோபர் 10 அன்று பிறந்த கார்ப் பந்தய ஓட்டுநர் அவர். அமெரிக்கக் கார்ப் பந்தயத் தொடர்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் இரண்டாம் நிலைத் தொடரில் 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்றார். முதன்மையான கப் தொடரில் 26 பந்தயங்களை வென்றார். அத்தொடரின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான டேடோனா 500ஐ 2004இலும் 2014இலும் கைப்பற்றினார். 2003 முதல் 2017 வரை தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் ரசிகர்களின் வாக்கால் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முழுநேர ஓட்டத்திலிருந்து 2017 இறுதியில் விலகியபின் தொலைக்காட்சி வர்ணனையாளராகவும் அணி உரிமையாளராகவும் இருந்துவருகிறார். அவருடைய தந்தை டேல் எர்ன்ஹார்ட் ஏழு முறை கப் பட்டம் வென்றவர். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார்.

இவ்வளவு புகழும் பெருந்தடங்களில் கிடைத்ததுதான். ஆயினும் ஓய்வுக்குப்பின் அவர் பேசுவதிலும், பணத்தைச் செலவிடுவதிலும், நேரத்தை ஒதுக்குவதிலும் பெரும்பகுதி தொடக்கக் காலத்தில் அவர் ஓட்டிய சிறிய உள்ளூர்த் தடங்களைச் சார்ந்தே இருக்கிறது. இந்தப் பக்கம் அந்தப் பிடிப்பைப் பற்றியது.

வாராந்திரச் சிறுதடப் பந்தயம் என்பது என்ன?

ஒரு மைலுக்குக் குறைவான நீளமுள்ள நீள்வட்டத் தடத்தைச் சிறுதடம் என்பார்கள். கால் மைல், அரை மைல் அளவிலான தடங்களே மிகுதி. சிலவற்றில் தார் போடப்பட்டிருக்கும், பல இன்றும் மண் தடங்கள். வசந்த காலம் முதல் இலையுதிர் காலம் வரை, பெரும்பாலும் சனிக்கிழமை இரவுகளில், அதே ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த ஓட்டுநர்கள் அதே தடத்தில் வாரம் தவறாமல் மோதிக்கொள்வார்கள். ஒவ்வொரு இரவும் சேரும் புள்ளிகளைக் கொண்டு ஆண்டு முடிவில் அந்தத் தடத்தின் பட்டம் வழங்கப்படும். நாஸ்கார் அங்கீகாரம் பெற்ற தடங்களில் கிடைக்கும் முடிவுகளைத் தொகுத்து நாடு முழுமைக்குமான வாராந்திரப் பட்டம் ஒன்றும் 1982 முதல் வழங்கப்பட்டு வருகிறது.

கப் தொடரில் ஓட்டுவது ஒரு தொழில். வாராந்திரத் தடத்தில் ஓட்டுபவர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார். பட்டறைக்காரர், மின்பணியாளர், பண்ணைக்காரர், பள்ளி மாணவர் என யாராக இருந்தாலும், வார நாள்களின் இரவுகளில் வீட்டுக் கொட்டகையில் காரைப் பழுதுபார்த்து, சனிக்கிழமை மதியம் அதை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு தடத்துக்கு வருவார். பரிசுத் தொகை பெரும்பாலும் அன்றைய டயர்ச் செலவுக்கே போதாது.

ஒரு சனிக்கிழமை இரவு எப்படி நடைபெறும்?

மதியத்துக்குப் பிறகு, கார்களை நிறுத்திப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்யும் பிட் பகுதியின் வாயில் திறக்கும். அந்த வாயிலில் ஓட்டுநரும் அவருக்கு உதவ வந்தவர்களும் தாங்களே கட்டணம் செலுத்தி உள்ளே நுழைகிறார்கள் என்பதைப் புதியவர்கள் நம்ப மறுப்பார்கள். உண்மையில் பல தடங்களின் வருமானத்தில் பார்வையாளர் சீட்டைப் போலவே இந்தப் பிட் நுழைவுக் கட்டணமும் முக்கியமான பங்கு வகிக்கிறது. பயிற்சி ஓட்டமும் தொழில்நுட்பப் பரிசோதனையும் முடிந்ததும் தொடக்க வரிசை தீர்மானிக்கப்படும். சில தடங்களில் அது நேர அளவீட்டால் முடிவாகும். சிலவற்றில் குறுகிய தகுதிச் சுற்றுகளால் முடிவாகும். முன்னணியில் இருப்பவர்களைத் தலைகீழாக வரிசை மாற்றிப் பின்னுக்கு நிறுத்தும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. வேகமானவர் முன்னால் இருந்தே ஓடிவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றுமிராது என்பதால் வந்த ஏற்பாடு அது.

பிறகு பிரிவு பிரிவாகப் பந்தயங்கள் நடைபெறும். நான்கு சிலிண்டர் எஞ்சின் கொண்ட சிறிய கார்கள், சாலைக் காரை உடைத்து உருவாக்கிய ஸ்ட்ரீட் ஸ்டாக் கார்கள், பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட லேட் மாடல் கார்கள் எனப் படிப்படியாக அந்த வரிசை உயரும். வென்றவரின் கார் உடனே பரிசோதனைக்குப் போகும். அங்கே விதிமீறல் கண்டறியப்பட்டால் வெற்றி பறிபோகும். கடைசிப் பந்தயம் முடிந்ததும் பார்வையாளர்களைப் பிட் பகுதிக்குள் அனுமதிப்பது பெரும்பாலான தடங்களின் மரபு. குழந்தைகள் சற்றுமுன் ஓடிய காரின் சூடு ஆறாத மேல்தகட்டைத் தொட்டுப் பார்க்கலாம், அதை ஓட்டியவரிடம் கையெழுத்து வாங்கலாம். பெருந்தடங்களில் எவ்வளவு விலை கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத இந்த நெருக்கம்தான் வாராந்திரப் பந்தயத்தின் உயிர் என்பது இதை எழுதுபவரின் உறுதியான கருத்து.

ஜூனியர் எங்கே தொடங்கினார்?

பதினேழு வயதில், கன்னாபோலிஸுக்கு அருகிலுள்ள கான்கார்டு தடத்தில், அண்ணன் கெர்ரியுடன் சேர்ந்து தயாரித்த பழைய செவர்லே மான்டி கார்லோ காரில் ஸ்ட்ரீட் ஸ்டாக் பிரிவில் தொடங்கினார். பின்னர் லேட் மாடல் ஸ்டாக் பிரிவுக்கு உயர்ந்து, தென் கரோலைனாவின் மிர்ட்டில் பீச் போன்ற தடங்களில் 1990களின் நடுப்பகுதி வரை ஓட்டினார். அக்காள் கெல்லியும் அண்ணன் கெர்ரியும் அப்போது லேட் மாடல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வாரநாள்களில் தந்தையின் பெயரிலான கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களின் கார்களுக்கு ஆயில் மாற்றும் வேலை பார்த்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் தடங்களை ஆண்ட ஓட்டுநர் அல்லர். கிடைத்த வெற்றிகள் மிகச் சில. தந்தையும் அந்த வாரஇறுதிகளில் பெரும்பாலும் கப் பந்தயத்துக்காக வேறு ஊர்களில் இருந்தார். எனவே இந்த ஏக்கத்தை வெற்றிக் காலத்தை எண்ணிப் பெருமிதப்படுவதாகக் கொள்ள முடியாது. கார் ஏன் திருப்பத்தில் வழுக்குகிறது என்பதைத் தானே கண்டுபிடித்து, தானே ஸ்பிரிங்கை மாற்றி, அடுத்த சனிக்கிழமை அது சரியா என்று தானே சோதித்த காலம் அது. கப் தொடருக்குப் போனபின் அந்த வேலைகள் அனைத்தையும் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுநருக்கு மிஞ்சியது ஓட்டுவதும், விளம்பரதாரர்களுக்கு முகம் காட்டுவதும்தான்.

குடும்ப வரலாற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. ஜூனியரின் தாத்தா ரால்ஃப் எர்ன்ஹார்ட் கன்னாபோலிஸ் ஆலையில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுப் பந்தயத்தையே பிழைப்பாகக் கொண்டவர். கரோலைனாக்களின் சிறுதடங்கள்தான் அவருடைய களம். 1956இல் நாஸ்காரின் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவில் தேசியப் பட்டம் வென்றார். தொடக்கத்திலேயே முந்திக்கொண்டு போகாமல், காரையும் டயரையும் காப்பாற்றிவைத்துக் கடைசிச் சுற்றுகளில் முன்னேறுவது அவருடைய பாணி. இடப்பக்கம் மட்டுமே திரும்பும் தடத்தில் வெளிப்புறச் சக்கரங்கள் கூடுதல் தூரம் உருளவேண்டியிருப்பதால், வலப்பக்கத்தில் சுற்றளவு சற்று அதிகமான டயரைப் பொருத்தினால் கார் தானாகவே திருப்பத்துக்குள் சாயும். இந்த முறையை முதலில் கையாண்டவர்களில் ஒருவராக அவரைப் பந்தய உலகம் போற்றுகிறது.

ரால்ஃப் 1973இல், 45ஆம் வயதில், மாரடைப்பால் இறந்தார். ஜூனியர் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஆகவே அவர் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. தாத்தா ஓட்டிய தடங்கள் மட்டும் இருந்தன; அவற்றில் சில இன்றும் இருக்கின்றன. ஹிக்கரி அவற்றுள் ஒன்று: 1951 முதல் ஓட்டம் நடைபெறும் அந்தத் தடத்தில் ரால்ஃப் பலமுறை பட்டம் வென்றார். ஒரு தடம் மூடப்படும்போது ஜூனியர் ஏன் அவ்வளவு வருந்துகிறார் என்று கேட்பவர்கள் இந்தக் குடும்பக் கணக்கை மறந்துவிடக்கூடாது.

நார்த் வில்க்ஸ்போரோ தடத்தை மீட்டதில் அவருடைய பங்கு என்ன?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

வட கரோலைனாவின் வில்க்ஸ் மாவட்டத்தில் 1947இல் ஈனோக் ஸ்டேலி என்பவர் திறந்த தடம் இது. நீளம் 0.625 மைல், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நிலத்தைச் சமப்படுத்தப் பணம் போதாத காலத்தில் உருவானதால், தடத்தின் முன்பக்க நேர்கோடு இறக்கமாகவும் பின்பக்க நேர்கோடு ஏற்றமாகவும் அமைந்துவிட்டது. அதுவே பின்னாளில் அதன் அடையாளமாயிற்று. மலைப்பகுதியில் கள்ளச்சாராயம் காய்ச்சி, காவலரிடமிருந்து தப்பக் காரை வேகமாக ஓட்டப் பழகியவர்களின் வட்டாரம் அது. அங்கிருந்து வந்த ஜூனியர் ஜான்சன் என்ற வேறோர் ஓட்டுநர் பிற்காலத்தில் கப் தொடரில் 50 பந்தயங்களை வென்றார். நாஸ்காரின் முதன்மைத் தொடர் தொடங்கிய 1949ஆம் ஆண்டின் கடைசிப் பந்தயமும் இங்கேதான் நடைபெற்றது.

ஸ்டேலி 1995இல் காலமானபின் தடத்தின் உரிமை வேறு தடங்களை நடத்திய இருவர் கைக்குப் போயிற்று. அவர்களுக்குத் தேவைப்பட்டது தடம் அன்று. அதற்கு ஒதுக்கப்பட்டிருந்த இரண்டு கப் பந்தய நாள்கள். ஒன்று டெக்சஸுக்கும் மற்றொன்று நியூ ஹாம்ப்ஷையருக்கும் மாற்றப்பட்டது. 1996 செப்டம்பர் 29 அன்று ஜெஃப் கார்டன் வென்ற பந்தயத்துடன் கப் தொடர் அங்கிருந்து வெளியேறியது. 2010இலும் 2011இலும் சில சிறு பந்தயங்கள் நடந்ததைத் தவிர, ஏறக்குறைய கால் நூற்றாண்டு அங்கே புல்லும் செடியுமே வளர்ந்தன.

2019 டிசம்பரில், தடத்தின் உரிமையாளரான ஸ்பீட்வே மோட்டார்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் மார்கஸ் ஸ்மித்திடம் ஒப்புதல் பெற்று, ஜூனியர் நண்பர்களையும் தன்னார்வலர்களையும் அழைத்துச் சென்றார். தார்ப்பரப்பின் வெடிப்புகளில் முளைத்திருந்த செடிகளை அவர்கள் வெட்டி அகற்றினார்கள். தடத்தை மீண்டும் திறக்கும் திட்டம் அப்போது இல்லை. ஐரேசிங் என்ற கணினிப் பந்தய மென்பொருளுக்காக லேசர் கருவியால் தடத்தை அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்துகொண்டால், உண்மையான தடம் அழிந்தாலும் அதன் வடிவம் எஞ்சும் என்பதே நோக்கம். ஆனால் கணினியில் அந்தத் தடம் ஓடத் தொடங்கியதும், உண்மைத் தடத்தைப் பற்றிய பேச்சு வலுத்தது. பின்னர் வட கரோலைனா அரசு பெருந்தொற்றுக்கால மத்திய நிதியிலிருந்து ஒரு கோடியே எண்பது லட்சம் டாலரை ஒதுக்கியது. 2022 ஆகஸ்டில் தடம் மறுபடியும் பந்தயங்களுக்குத் திறந்தது.

தடத்தைக் காப்பாற்றியவர் ஜூனியர் ஒருவரே என்று சொல்வது மிகை. உரிமையாளரின் மனமாற்றமும், அரசுப் பணமும், பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்துவந்த வில்க்ஸ் மாவட்ட மக்களும் இல்லாமல் அது நடந்திராது. ஆனால் அனைவரும் இறந்துவிட்டதாகக் கருதிய ஓர் இடத்தின்மேல் மற்றவர்களின் பார்வையைத் திருப்பியவர் அவர்தான்.

அங்கே அவரே ஓட்டினாரா?

ஓட்டினார். 2022 ஆகஸ்ட் 31, புதன்கிழமை இரவு, கார்ஸ் டூர் தொடரின் லேட் மாடல் ஸ்டாக் பந்தயத்தில் 3ஆம் எண் காரில் கலந்துகொண்டார். காரின் வண்ணமும் சன் டிராப் குளிர்பானத்தின் விளம்பரமும் 1990களில் அவர் ஓட்டிய லேட் மாடல் காரை ஒத்தவை. தடத்தின் தார் 1981இல் போடப்பட்டது. சொரசொரப்பான அந்தப் பழைய பரப்பு டயரை விரைவில் தேய்த்துவிடும். எனவே முதல் பாதியில் யார் பொறுமையாக ஓட்டினாரோ அவருக்குத்தான் பிற்பாதியில் பிடிமானம் எஞ்சியிருக்கும். ரால்ஃப் எர்ன்ஹார்ட் அறிந்திருந்த கலை அது. பேரன் அந்த இரவு மூன்றாம் இடத்தில் முடித்தார். வென்றவர் கார்சன் க்வாபில் என்ற இளைஞர். ஜூனியரின் அணிக்கு ஓட்டியவர்.

அந்தக் கூட்டத்தையும் ஆரவாரத்தையும் கண்டபின், 2023 மே மாதம் கப் தொடரின் முன்னணி ஓட்டுநர்களுக்கான ஆல் ஸ்டார் பந்தயம் அங்கே கொண்டுவரப்பட்டது. கைல் லார்சன் அதை வென்றார். அதற்குப் பிறகு தடத்துக்குப் புதிய தார் போடப்பட்டது. பழைய பரப்பு போனதில் பலருக்கு வருத்தம் உண்டு. வெடித்துப் பெயரத் தொடங்கிய தாரில் பந்தயம் நடத்த முடியாது என்ற நியாயத்தையும் ஏற்கத்தான் வேண்டும்.

நினைவுகூர்வதைத் தவிர வேறு என்ன செய்திருக்கிறார்?

2023 தொடக்கத்தில் பந்தய உலகைச் சேர்ந்த கெவின் ஹார்விக், ஜெஃப் பர்ட்டன், ஜஸ்டின் மார்க்ஸ் ஆகியோருடன் சேர்ந்து கார்ஸ் டூர் தொடரையே விலைக்கு வாங்கினார். கரோலைனா, வர்ஜீனியா வட்டாரச் சிறுதடங்களில் லேட் மாடல் பந்தயங்களை நடத்தும் தொடர் அது. 2020இல், கைவிடப்பட்ட பந்தயத் தடங்களைத் தேடிச் சென்று அவற்றின் கதையை அங்கிருந்தவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்யும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றையும் வழங்கினார். அவருடைய நிலத்தில் உள்ள காட்டுக்குள், விபத்தில் நொறுங்கிய பந்தயக் கார்களை மரங்களுக்கிடையே வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அக்காள் கெல்லியுடன் சேர்ந்து நடத்தும் ஜேஆர் மோட்டார்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் லேட் மாடல் அணி. டென்னசி மாநிலத்தில் வங்கியில் காசாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜாஷ் பெரியை ஐரேசிங் வழியாக ஜூனியர் அறிந்துகொண்டார். பெரி அந்த அணிக்காக ஆண்டுக்கணக்கில் சிறுதடங்களில் ஓட்டி, 2020இல் நாஸ்காரின் தேசிய வாராந்திரப் பட்டத்தை வென்றார்; 2021இல் மார்ட்டின்ஸ்வில்லில் இரண்டாம் நிலைத் தொடரின் முதல் வெற்றியைப் பெற்றார்; 2025 மார்ச்சில் லாஸ் வேகஸில் கப் பந்தயத்தையே வென்றார். கோடீஸ்வரப் பெற்றோர் இல்லாத ஓர் ஓட்டுநர் முப்பது வயதைத் தாண்டியபின் இந்த உயரத்தை எட்டியது, இக்காலப் பந்தய உலகில் அரிதினும் அரிது. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டேடோனா 500 வென்ற வில்லியம் பைரனும் தொடக்கத்தில் இதே அணியின் லேட் மாடல் காரில் பழகியவரே.

சிறுதடங்கள் ஏன் மூடப்படுகின்றன?

நிலத்தின் விலைதான் முதற்காரணம். ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் கட்டப்பட்ட தடத்தைச் சுற்றி, ஐம்பது ஆண்டுகளில் வீடுகள் வந்துவிடுகின்றன. வந்தவர்கள் சத்தத்தைப் பற்றி முறையிடுகிறார்கள். இன்னொரு பக்கம் மனை வணிகர் நல்ல விலை சொல்கிறார். தடத்தை நடத்தி முதுமையடைந்த உரிமையாளரின் பிள்ளைகள் அந்த விலையை மறுப்பதற்குக் காரணம் ஏதும் கிடைப்பதில்லை. ஜூனியர் பழகிய மிர்ட்டில் பீச் தடம் 2020இல் இப்படித்தான் நிலமாக விற்கப்பட்டு மூடப்பட்டது.

மற்றொரு காரணம் செலவு. டயர், எஞ்சின், அதிர்வுத் தாங்கி என ஒவ்வொன்றும் விலையேறியதால், ஒரு பிரிவில் முன்பு நிறைந்திருந்த கார்களின் எண்ணிக்கை குறைகிறது. கார்கள் குறைந்தால் கூட்டம் குறைகிறது. விதிகளைக் கடுமையாக்கிச் செலவைக் கட்டுப்படுத்தாத தடங்கள் தம் முடிவைத் தாமே தேடிக்கொள்கின்றன என்பதே இதை எழுதுபவரின் எண்ணம்.

வேறு புகழ்பெற்ற ஓட்டுநர்களுக்கும் இந்த ஏக்கம் உண்டா?

உண்டு. மூன்று முறை கப் பட்டம் வென்ற டோனி ஸ்டூவர்ட், ஒஹையோவில் ஏர்ல் பால்ட்ஸ் 1954இல் உருவாக்கிய எல்டோரா என்ற அரை மைல் மண் தடத்தை 2004இல் விலைக்கு வாங்கினார். 2013இல் அங்கே பிக்கப் வண்டிகள் ஓடும் நாஸ்காரின் டிரக் தொடர் பந்தயத்தை நடத்திக்காட்டினார். நாஸ்காரின் தேசியத் தொடர்கள் 1970க்குப் பிறகு மண் தடத்தில் ஓடியது அதுவே முதல்முறை. அதே ஆண்டு ஆகஸ்டில் அயோவாவின் ஒரு மண் தடத்தில் ஸ்பிரிண்ட் கார் என்ற சிறிய திறந்த சக்கரப் பந்தயக் காரை ஓட்டும்போது கால் முறிந்து, எஞ்சிய கப் பந்தயங்கள் அனைத்தையும் இழந்தார். கைல் லார்சன் 2021இல் கப் பட்டத்தையும், மண் தட ஸ்பிரிண்ட் கார் பந்தயங்களில் மிகப் பெரியதான நாக்ஸ்வில் நேஷனல்ஸையும் ஒரே ஆண்டில் வென்றார். ஆனால் இவர்கள் இருவரும் மண் தடத்தைவிட்டு ஒருபோதும் முழுமையாக விலகியதில்லை. நெடுங்காலம் விலகியிருந்து, பிறகு திரும்பி வந்தவர் ஜூனியர். அதனால்தான் அவரிடம் ஏக்கம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிகிறது.

பழைய காலத்தை அளவுக்கு மீறிப் போற்றுவது ஆகாதா?

நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் ஆபத்து மிகுதியாக இருந்தது. தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது 2001 அக்டோபரில்தான்; ஜூனியரின் தந்தையையும் அதற்கு முன் வேறு சிலரையும் இழந்தபின். ஜூனியரே 2012இல் தலையில் ஏற்பட்ட அதிர்ச்சியால் இரண்டு பந்தயங்களையும், 2016இல் அரைப் பருவத்தையும் விட்டுவிட நேர்ந்தது. சிறுதடங்களில் பாதுகாப்பு ஏற்பாடுகள் எங்கும் ஒரே தரத்தில் இல்லை. சில தடங்களின் சுவர்களும் வேலிகளும் மருத்துவ வசதியும் இன்னும் மேம்பட வேண்டும். பழைய சுவரை நினைவுச்சின்னமாகக் கொண்டாடிக்கொண்டு அதில் இளைஞர்களை மோதவிட முடியாது. இந்தக் குறையை மறைக்காமல் சொல்வதுதான் சிறுதடங்கள்மீது உண்மையான அன்புள்ளவர்களின் கடமை.

இந்தப் பந்தயத்தை இன்றும் நேரில் பார்க்க விரும்பினால் எங்கே போகலாம்?

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள், வட கரோலைனாவின் வின்ஸ்டன் சேலம் நகரிலுள்ள போமன் கிரே அரங்கத்தை முதலில் எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்கக் கால்பந்து ஆடுகளத்தைச் சுற்றி அமைந்த, சாய்வே இல்லாத கால் மைல் தார்த் தடம் அது. நாஸ்காரின் வாராந்திரப் பந்தயம் அங்கே 1949இல் தொடங்கியது. முந்துவதற்கு இடமே இல்லாத அந்தக் குறுகிய திருப்பங்களில் முன்னால் போகிறவரின் பம்பரைத் தட்டித்தான் வழி உண்டாக்க வேண்டும்; அதனால் மூளும் பகைகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதுண்டு. 2025 பிப்ரவரியில் கப் தொடரின் பருவத் தொடக்கக் காட்சிப் பந்தயமான கிளாஷ் அங்கே நடந்தபோது சேஸ் எலியட் வென்றார். ஆனால் அந்த இடத்தின் இயல்பைக் காணவேண்டுமானால், கோடைக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், மாடிஃபைடு என்ற திறந்த சக்கரக் கார்களில் உள்ளூர் ஓட்டுநர்கள் ஓடும் இரவுக்குப் போவதே சிறந்தது. காதுக்குப் பாதுகாப்புக் கருவி எடுத்துச் செல்ல வேண்டும். இயன்றவரை முன்னதாகவே போய், திருப்பத்துக்கு எதிரே, சற்று உயரமான வரிசையில் இடம்பிடிப்பது நல்லது. தாழ்வான வரிசையிலிருந்து எதிர்ப்பக்க நேர்கோட்டில் நடப்பது தெளிவாகத் தெரியாது.